காற்று இல்லாத நாளில் கள்ளக்கடல்: எச்சரிக்கையில் வரும் ‘16 வினாடி’ எங்கிருந்து வருகிறது?

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்பகுதிக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை என்ற செய்தி குமரி மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி வருகிறது. அலை இத்தனை மீட்டர் எழலாம் என்று ஓர் எண் இருக்கும். பல நேரம் அதன் பக்கத்திலேயே 14 முதல் 16 வினாடி, 16 முதல் 18 வினாடி என்று இன்னோர் எண்ணும் இருக்கும். (உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோதே, தூரத்துப் புயலின் அலைகள் வந்து கரையேறுவதுதான் கள்ளக்கடல்.) மீட்டர் எல்லோருக்கும் புரிகிறது. வினாடி என்ன சொல்கிறது என்பது புரிவதில்லை. பத்திரிகைகள் சில சமயம் அதை விட்டுவிட்டே செய்தி போடுகின்றன.

குழப்பம் அதோடு நிற்பதில்லை. எச்சரிக்கை வந்த நாளில் கரைக்குப் போய்ப் பார்த்தால் நல்ல வெயில், காற்று இல்லை, மழை மேகமும் இல்லை. அப்புறம் எதற்கு எச்சரிக்கை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் அலை இழுத்துச் சென்றதில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. அந்த எச்சரிக்கையில் உள்ள எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால், இரண்டில் வினாடிக்குத்தான் கூடுதல் மரியாதை தர வேண்டும் என்பது தெரியும். அந்த எண்களைப் பிறப்பிக்கும் கணக்குமுறைக்குப் பெயர் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங், சுருக்கமாக டிஎஸ்பி.

சிக்னல் என்பது என்ன?

நேரம் போகப் போக மாறிக்கொண்டே இருக்கும் எந்த அளவும் ஒரு சிக்னல்தான். மைக்கில் விழும் குரல், இசிஜி தாளில் ஓடும் கோடு, கடல்மட்டம் ஏறி இறங்குவது எல்லாமே சிக்னல்கள். அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து எண்களின் வரிசையாக எழுதிவிட்டால் அது டிஜிட்டல் சிக்னல். அந்த எண் வரிசையிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததை நீக்கும் கணக்குதான் டிஎஸ்பி.

பெயர் மிரட்டினாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒரே வேலை: பெருக்கு, கூட்டு, திரும்பப் பெருக்கு, கூட்டு. இதற்கென்றே தயாராகும் சிப்புகள், ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் ஒரே அடியில் முடிக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. கைப்பேசியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவது, இசிஜியில் கலக்கும் மின்சார இரைச்சலை நீக்குவது, பாட்டையும் படத்தையும் சிறிய கோப்பாக்குவது எல்லாவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது. அவற்றை இங்கே விட்டுவிட்டுக் கடலுக்கு வருவோம்.

மிதவையிலிருந்து எச்சரிக்கை வரை

ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, நாட்டின் கடலோரத்தில் பல இடங்களில் அலைமானி மிதவைகளைப் போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மிதவைக்குள் ஒரு முடுக்கமானி இருக்கும். கைப்பேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான கருவியின் துல்லியமான வகை. அலையோடு மிதவை ஏறி இறங்கும்போது அதன் முடுக்கத்தை இது அளக்கிறது. அதன் பிறகு நடப்பவை வருமாறு.

1. மாதிரி எடுத்தல்.

உலகெங்கும் புழக்கத்தில் உள்ள ஒரு வகை அலைமானி, வினாடிக்கு 1.28 முறை என்ற கணக்கில் கடல்மட்ட அளவுகளைத் தருகிறது. அதாவது 200 வினாடியில் 256 எண்கள். எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு: ஓர் அலை முழுதாக வந்து போவதற்குள் குறைந்தது இரண்டு முறைக்கு மேல் அளந்திருக்க வேண்டும். மீறினால் என்ன ஆகும்? 5 வினாடிக்கு ஒருமுறை வரும் சின்னக் காற்றலையை 6 வினாடிக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், எண்களில் அது 30 வினாடி அலையாகத் தெரியும். இல்லாத பேரலை கணக்கில் முளைத்துவிடும். அளந்து முடித்த பிறகு எந்தக் கணக்காலும் இந்தப் பிழையைப் பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் இதில் மோசமான செய்தி. அதனால் வேகமான அசைவுகளை முன்கூட்டியே வடிகட்டிவிட்டுத்தான் மாதிரி எடுப்பார்கள்.

2. வடிகட்டுதல்.

2, 4, 2, 4 என்று துள்ளும் எண் வரிசையில் அடுத்தடுத்த இரண்டின் சராசரியை எடுத்தால் 3, 3, 3 என்று வரும். துள்ளல் போய்விட்டது. இது மெதுவானதை விட்டு வேகமானதை நீக்கும் வடிகட்டி. சராசரிக்குப் பதிலாக வித்தியாசத்தை எடுத்தால் நேர்மாறு: மாறாமல் நிற்பது பூஜ்யமாகும், துள்ளல் மிஞ்சும். உண்மையான வடிகட்டிகளில் பத்து, நூறு எண்களைத் தனித்தனிக் கெழுக்களால், அதாவது முன்பே முடிவு செய்த எண்களால், பெருக்கிக் கூட்டுவார்கள். அடிப்படை இதுவேதான்.

3. முடுக்கத்திலிருந்து உயரம்.

முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், இன்னொரு முறை தொகையிட்டால் உயரம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு முறை தொகையிடும்போது மெதுவான அசைவுகள் அளவுக்கு மீறிப் பெருகும். 10 வினாடி அசைவோடு ஒப்பிட்டால் 300 வினாடி அசைவு 900 மடங்கு பெரிதாகிவிடும். கருவியின் சிறு பிழைகூட மலையாகும். எனவே சுமார் 30 வினாடிக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் வடிகட்டி வெட்டிவிடுகிறார்கள். சுனாமி பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

4. அலைகளைப் பிரித்தல்.

இப்போது கையில் இருப்பது கடல்மட்டம் ஏறி இறங்கிய கோடு. அதில் எல்லா அலைகளும் கலந்து கிடக்கின்றன. திருவிழாவில் செண்டையும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலித்தாலும் காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதே வேலையை எண்களில் செய்ய வேண்டும்.

வழி இதுதான். 16 வினாடி அலை உள்ளே இருக்கிறதா என்று அறிய, 16 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சைன் அலை ஒன்றை எடுத்து, பதிவின் ஒவ்வொரு எண்ணையும் அதனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறோம். பதிவில் அந்த அலை இருந்தால் கூட்டுத்தொகை வளர்ந்துகொண்டே போகும். இல்லாவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிட்டுப் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். அலை எந்தக் கட்டத்தில் தொடங்கியிருந்தாலும் தவறவிடாமல் இருக்க, கொசைன் அலையாலும் ஒருமுறை இப்படிச் செய்வார்கள். ஒவ்வோர் அலைவு நேரத்துக்கும், அதாவது ஓர் அலை முழுதாக வந்து போக எடுக்கும் நேரத்துக்கும், இதைச் செய்தால், எந்த அலையில் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியல் கிடைக்கும். இதற்குப் பெயர் ஸ்பெக்ட்ரம். எந்தச் சிக்கலான கோட்டையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியர். அவர் ஆராய்ந்தது வெப்பம் பரவுவதை.

256 எண்களுக்கு இதை நேரடியாகச் செய்தால் 65,536 பெருக்கல்கள். 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட வேக முறை, அதாவது எஃப்எஃப்டி, ஒரே பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் பகிர்ந்துகொண்டு, இதைச் சுமார் 2,000 அளவுக்குக் குறைத்தது. (இதே உத்தியை ஜெர்மானிய மேதை காஸ் 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது.) பேட்டரியில் மாதக்கணக்கில் கடலில் மிதக்கும் ஒரு கருவிக்கு 30 மடங்கு வேலைக் குறைவு என்பது சின்ன விஷயமில்லை.

5. எண்களாகச் சுருக்குதல்.

ஸ்பெக்ட்ரத்தின் மொத்த ஆற்றலிலிருந்து ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ கணக்கிடப்படுகிறது. இது வந்துபோன அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி உயரத்துக்குச் சமம். எனவே 1.5 மீட்டர் என்று சொன்னால் அதைத் தாண்டாது என்று பொருளில்லை. அதே நேரத்தில் 2.5, 3 மீட்டர் அலையும் தனியாக ஒன்றிரண்டு வரும். ஆற்றல் மிக அதிகமாக இருக்கும் இடத்தின் அலைவு நேரம் எதுவோ, அதுதான் எச்சரிக்கையில் வரும் வினாடி.

முன்னறிவிப்பு மிதவையை மட்டும் நம்பி வருவதில்லை. 2013இல் விண்ணில் செலுத்தப்பட்ட இந்திய பிரெஞ்சு செயற்கைக்கோளான சரல் போன்றவை மேலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலி எவ்வளவு சட்டென்று எழுகிறது, எவ்வளவு இழுத்துக்கொண்டு எழுகிறது என்பதை வைத்து அலை உயரத்தைக் கணக்கிடுகின்றன. காற்றின் அளவுகளைக் கொண்டு கணினி மாதிரிகள் பெருங்கடல் முழுவதற்கும் ஸ்பெக்ட்ரத்தை முன்கூட்டியே கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கு சரியா என்று சோதித்துச் சொல்வது மிதவைகள்.

16 வினாடி சொல்லும் சேதி

ஆழ்கடலில் அலைவு நேரம் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி. அலைநீளம் மீட்டரில் வேண்டுமா? வினாடியை வர்க்கப்படுத்தி 1.56ஆல் பெருக்கினால் போதும். உள்ளூர்க் காற்று எழுப்பும் 8 வினாடி அலையின் நீளம் 100 மீட்டர். 16 வினாடி அலைக்கு 400 மீட்டர். இரண்டும் ஒரே 1 மீட்டர் உயரம் என்றால், இரண்டாவது அலையைக் கண்ணால் பிடிப்பதே கடினம். 400 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் ஏற்றம் என்பது கிட்டத்தட்ட சமதரை. கடல் அமைதியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். கண் ஏமாறவில்லை, அந்தச் சரிவை அளக்கும் திறன் கண்ணுக்கு இல்லை.

சரி, இந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தென் அட்சம் 40 முதல் 60 பாகை வரையிலான பகுதியில் வீசும் புயல்களிலிருந்து. நமக்கு அங்கிருந்து நடுவே தடுக்க ஒரு நிலமும் இல்லை. ஆழ்கடலில் நீண்ட அலைகளின் ஆற்றல் வேகமாகப் பயணிக்கும், குறுகியவை பின்தங்கும். புயல் 6,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்:

- 20 வினாடி அலை: மணிக்கு 56 கிலோமீட்டர், ஏறக்குறைய 5 நாளில் வந்துவிடும்.
- 16 வினாடி அலை: மணிக்கு 45 கிலோமீட்டர், 6 நாள்.
- 12 வினாடி அலை: மணிக்கு 34 கிலோமீட்டர், 8 நாள்.

எனவே தூரத்துப் புயலின் முதல் தூதன் எப்போதும் நீண்ட அலைதான். மிதவையின் ஸ்பெக்ட்ரத்தில் முதலில் 20 வினாடி அருகே ஒரு சின்ன மேடு எழும், பின்பு அந்த மேடு வளர்ந்துகொண்டே 16, 14 என்று நகரும். அந்த நகர்வின் வேகத்தைக் கொண்டே புயல் எவ்வளவு தூரத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். மேலே உள்ள கணக்கில் 20 வினாடி அலைக்கும் 16 வினாடி அலைக்கும் இடையே சுமார் 28 மணி நேரம். அந்த 28 மணியிலிருந்து பின்னோக்கிப் போனால் 6,500 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். 1963இல் அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையிலான குழு, நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே அளவு நிலையங்கள் அமைத்து, தென்கோடிப் புயல்களின் அலைகளை இதே வழியில் அடையாளம் கண்டது. இன்று நமக்குச் சில நாள் முன்பே எச்சரிக்கை கிடைப்பதற்கு அடித்தளம் அந்தப் பணி.

கரையை நெருங்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. அலைநீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். 8 வினாடி அலை 50 மீட்டர் ஆழத்தில் உணரும், 16 வினாடி அலை 200 மீட்டரிலேயே. முன்னால் போகும் பகுதி வேகம் குறைய, பின்னால் வருவது நெருங்க, உயரம் ஏறும். உடைந்த பிறகு கரைமேல் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது அலை உயரத்தையும் ஆழ்கடல் அலைநீளத்தையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலத்தைத் தோராயமாகப் பின்பற்றுகிறது. 1.5 மீட்டர் உயரத்துக்கு, 8 வினாடி என்றால் 150இன் வர்க்கமூலம், அதாவது 12. 16 வினாடி என்றால் 600இன் வர்க்கமூலம், 24க்கு மேல். அலையின் உயரம் மாறவே இல்லை, கரையேறும் உயரம் இரண்டு மடங்கு. அலை கொண்டுவரும் திறனும் அப்படியே: கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 9 கிலோவாட் என்பது 18 ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, நேற்று அமைதியாகத்தானே இருந்தது என்று சொல்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. தூரத்திலிருந்து வரும் அலைகள் வழியிலேயே தரம் பிரிந்துவிடுவதால், ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட ஒரே அலைவு நேரமுள்ளவை வந்து சேரும். 15 வினாடி அலையும் 16 வினாடி அலையும் சேர்ந்தால், சில நேரம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகும், சில நேரம் ஒன்றையொன்று அழிக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை முடிய 240 வினாடி, அதாவது 4 நிமிடம். 2 நிமிடம் கடல் படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பாறைமேல் ஏறுபவர், காலை நனைக்க இறங்குபவர், அடுத்த 2 நிமிடத்தில் வரப்போவதை அறியமாட்டார். ஸ்பெக்ட்ரத்தில் மேடு எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ, இந்தக் கூட்டம் கூட்டமான வருகை அவ்வளவு தெளிவாக இருக்கும்.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

200 வினாடிப் பதிவு ஒன்றை எடுத்துப் பிரித்தால், 15.4, 16.7, 18.2 வினாடி என்ற படிகளில்தான் விடை கிடைக்கும். இடைப்பட்டவை பக்கத்துப் படிகளில் விழும். படிகளை நெருக்கமாக்க நீண்ட பதிவு வேண்டும். ஆனால் ஒரே ஒரு நீண்ட பதிவின் ஸ்பெக்ட்ரம் நடுங்கும். அதையே எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் நிலையாக இருக்கும், ஆனால் படிகள் அகலமாகும். இரண்டையும் சேர்த்துப் பெற எந்தக் கணக்குமுறையாலும் முடியாது. எனவே ஒருவர் 16 என்றும் இன்னொருவர் 17 என்றும் சொன்னால் சண்டை போட ஒன்றுமில்லை. 8க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம்தான் பொருட்படுத்த வேண்டியது.

உயரத்தில் இன்னொரு மறைவு உண்டு. 1 மீட்டர் காற்றலையும் 1 மீட்டர் தூரத்து அலையும் சேர்ந்தால் அறிவிக்கப்படும் உயரம் 2 அல்ல, சுமார் 1.4 மீட்டர். கூடுவது ஆற்றல், உயரம் அல்ல. இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லாத அறிவிப்பு பாதித் தகவல்தான் என்பது என் கருத்து.

சுனாமிக்கு ஏன் வேறு மிதவை?

2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பட்டதை இந்த மாவட்டம் மறக்காது. ஆகவே இப்போது அலைமானி மிதவைகள் இருக்கின்றனவே, சுனாமியை அவை சொல்லிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. சொல்லாது. ஆழ்கடலில் அரை மீட்டர் ஏறி 20 நிமிடத்துக்கு ஒருமுறை அசையும் அலையின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 7 லட்சத்தில் ஒரு பங்கு. மேலே மூன்றாவது படியில் வெட்டி எறிந்த பகுதியில்தான் சுனாமி இருக்கிறது.

அதனால் சுனாமிக் கருவியைக் கடலடித் தரையில் வைத்து நீரின் அழுத்தத்தை அளக்கிறார்கள். இங்கே கடலே ஒரு வடிகட்டியாக உதவுகிறது. 400 மீட்டர் நீளமுள்ள கள்ளக்கடல் அலைகூட 200 மீட்டருக்குக் கீழே போவதற்குள் அடங்கிவிடும். சில ஆயிரம் மீட்டர் ஆழத்தில் தெரிவது ஓதமும் (கடல்மட்டம் தினமும் மெதுவாக ஏறி இறங்குவது) சுனாமியும்தான். ஓதத்தை நீக்க, கடந்த 3 மணி நேர அளவுகளை வைத்து இப்போது என்ன அழுத்தம் இருக்க வேண்டும் என்று கருவி தானே ஊகிக்கிறது. 15 வினாடிக்கு ஒருமுறை உண்மையான அளவை அந்த ஊகத்தோடு ஒப்பிடுகிறது. டார்ட் எனப்படும் இவ்வகைக் கடலடிக் கருவிகளில் வழக்கமான எல்லை 3 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் தொடர்ந்து தகவல் அனுப்பும் நிலைக்கு மாறிவிடும். இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இன்காய்ஸ் வளாகத்தில் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

படகில் இருக்கும் கணக்குகள்

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் படகுகளில் ஜிபிஎஸ், எக்கோ (ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி), வயர்லெஸ் மூன்றும் சாதாரணம். மூன்றிலும் டிஎஸ்பி உண்டு. ஜிபிஎஸ்ஸை மட்டும் பார்க்கலாம். செயற்கைக்கோள் சிக்னல் படகை அடையும்போது இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்திருக்கும். ஆனால் அதில் 1,023 இலக்கங்கள் கொண்ட, கருவிக்கு முன்பே தெரிந்த ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. வந்ததை அந்த வரிசையால் பெருக்கிக் கூட்டினால், சிக்னல் 1,023 மடங்கு சேரும். தாறுமாறான இரைச்சல் சுமார் 32 மடங்குதான் சேரும். ஸ்பெக்ட்ரம் எடுத்த அதே உத்தி, சைன் அலைக்குப் பதிலாக முன்பே தெரிந்த வரிசை.

2017 ஒக்கி புயலின்போது கரைக்கு வெகுதூரம் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. இந்தியாவின் ககன் என்ற செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக வரும் செய்தியை இது பிடித்து, புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தருகிறது. செய்தியைப் பெறலாம், பதில் அனுப்ப முடியாது என்பது இதன் பெரிய குறை.

அறிவிப்பை வாசிக்கும்போது

1. வினாடி 12க்கு மேல் இருந்தால் அலை தூரத்திலிருந்து வருகிறது. உள்ளூர்க் காற்றையும் வானத்தையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

2. மீட்டரும் வினாடியும் சேர்ந்தே பொருள் தரும். 2 மீட்டர், 7 வினாடி என்பதைவிட 1.5 மீட்டர், 17 வினாடி கரைக்கு ஆபத்தானது.

3. சில நிமிட அமைதி எதையும் நிரூபிக்காது. அலைக்கூட்டங்களுக்கு இடையிலான ஓய்வாக அது இருக்கலாம்.

4. அறிவிப்பு சொல்லும் நேரத்தில் உங்கள் ஊர் ஓதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற்றமும் நீண்ட அலையும் ஒன்றாக வரும் மணி நேரங்களில்தான் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருகிறது.

5. திசை சொல்லப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். மிதவை மேலும் கீழும் மட்டுமல்ல, வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் அசைவதை அளந்து, மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கி ஒப்பிட்டுத் திசை கண்டுபிடிக்கிறார்கள். நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கரை தென்மேற்கைப் பார்த்திருப்பதால் தெற்கு, தென்மேற்கு அலைகளை நேரே வாங்கும். முனையைத் தாண்டி ஆரோக்கியபுரம் பக்கம் கரை திரும்பிவிடுவதால் அதே அலை வளைந்து, பலம் குறைந்து சேரும். தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுக முகத்துவாரங்களில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கும் நாளில், வெளியே தெரியாத நீண்ட அலை அந்த மேட்டின்மேல்தான் எழுந்து உடையும். படகு உள்ளே நுழைய வேண்டிய இடமும் அதுதான். அந்த ஒரு வாசலுக்காவது மீட்டர், வினாடி, திசை மூன்றையும் ஒவ்வொரு மணிக்கும் காட்டும் பலகை துறைமுகத்திலேயே வேண்டும்.